வன்தட்டும் வரப்புகளும்

வீடு கட்டப் புகும் ஒருவன் முதற்கண் செய்வது யாது? கல்லும் மண்ணும் கொணர்வதற்கு முன்னரே தன் மனையின் நான்கு எல்லைகளையும் அறிந்து, முளையடித்துக் கயிறு கட்டுகிறான். எல்லை அறியாது எழுப்பிய சுவர் பின்னர் இடிக்கப்படும். சில வேளைகளில் அண்டை வீட்டாருடைய சுவரையும் அது சாய்த்துவிடும். கணிப்பொறியில் இயக்க மென்பொருளை நிறுவுவதும் இத்தகையதொரு செயலே ஆகும். நிறுவும் பணி இடையில் தடைப்பட்டு நிற்குமாயின், குற்றம் மென்பொருளினுடையது என்று பலர் எண்ணுவர். ஆனால், பலகால் அத்தடை, மென்பொருள் தங்கவேண்டிய இடத்தின் எல்லைகளிலே உள்ளது. அவ்வெல்லைகளின் இயல்பையும், அவற்றால் நேரும் தடைகளையும், அவற்றை நீக்கும் வழிகளையும் இப்பாடத்தில் காண்போம்.

கணிப்பொறியின் உறுப்புகளை எல்லாம் ஒருங்கிணைத்து, நாம் இட்ட பணியை அவற்றைக் கொண்டு செய்விக்கும் தலைமை மென்பொருளே இயக்க மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ் என்பன இவ்வகையின. இது நிலையாகத் தங்கும் இடம் வன்தட்டு எனப்படும். இக்காலத்தில் சுழலும் தட்டு இல்லாத, சில்லுகளால் ஆகிய எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகங்கள் பெருகியுள்ளன. எனினும், இடத்தைப் பகுக்கும் முறை இரண்டிற்கும் ஒன்றே ஆதலின், ஈண்டு இரண்டையும் வன்தட்டு என்றே குறிப்போம்.

பகுத்தலும் அதன் பயனும்

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் முதல் வன்தட்டை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை அடுக்கியமைத்த அப்பெரும் பொறி, ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே ஏற்றது. இன்றோ உள்ளங்கையில் அடங்கும் ஒரு சேமிப்பகம் ஒரு டெராபைட்டை, அஃதாவது ஓர் இலட்சம் கோடி பைட்டுகளை, எளிதில் ஏற்கிறது. 1983-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் 10 மெகாபைட் வன்தட்டுடன் கூடிய எக்ஸ்.டி. என்னும் கணிப்பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தபொழுது, ஒரே தட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட இயக்க மென்பொருள்கள் வாழ்தற்கு ஏற்பத் தட்டைப் பகுக்கும் முறையும் உடன் வந்தது.

‘பகு’ என்னும் வினையடியினின்று பகுதி, பகுப்பு, பகிர்வு முதலிய சொற்கள் தோன்றின. நீர் பாய்ச்சுவதற்காகத் தோட்டத்தை வரப்பிட்டுப் பிரிக்கும் பாத்தி என்னும் சொல்லும் அவ்வேரிற் பிறந்ததே. பார்ட்டிஷன் என்று வழங்கப்படுவதை நாம் பிரிவு என்போம். ஆயினும் அதனைப் பாத்தி என்று நினைத்துக்கொண்டால் அதன் இயல்பு எளிதில் விளங்கும். ஒரு பாத்தியில் கீரையும் மற்றொன்றில் கத்தரியும் வளர்வது போல, ஒரு பிரிவில் விண்டோஸும், மற்றொன்றில் லினக்ஸும், பிறிதொன்றில் நம்முடைய கோப்புகளும் இருத்தல் கூடும். ஒரு பாத்தியைக் கொத்திப் புதிதாக விதைக்கும்பொழுது அடுத்த பாத்திக்கு ஊறு நேர்வதில்லை. அவ்வாறே, ஒரு பிரிவில் இயக்க மென்பொருளைப் புதுப்பிக்கும்பொழுது பிற பிரிவுகளில் உள்ளவை கெடாமல் இருக்கும்.

தோட்டத்து வரப்பைக் கண்ணாற் காணலாம். காலால் மிதித்து உணரலாம். வன்தட்டின் வரப்போ வெறும் எண்களே ஆகும். எந்தப் பிரிவு எவ்விடத்தில் தொடங்குகிறது, எத்துணைத் தொலைவு செல்கிறது என்னும் குறிப்புகள் தட்டின் தொடக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. இதனைப் பிரிவு அட்டவணை என்பர். இஃது ஊர்க் கணக்கரிடம் இருந்த நிலப் பதிவேடு போன்றது. பதிவேடு எரிந்துபோனால் நிலம் எரிந்துவிடுவதில்லை. ஆனால், எந்த நிலம் எவருடையது என்று சொல்ல வழியின்றிப் போகும். இந்த ஓர் உண்மையை மனத்திற் கொண்டால், பின்வருவன யாவும் தெளிவாகும்.

இருவகைப் பதிவேடுகள்

பிரிவு அட்டவணையை எழுதும் முறைகள் இரண்டு இன்று வழக்கில் உள்ளன. முன்னது எம்.பி.ஆர். எனப்படும், பின்னது ஜி.பி.டி. எனப்படும்.

எம்.பி.ஆர். முறை 1983-ஆம் ஆண்டில் தோன்றியது. வன்தட்டின் முதற் கட்டம் 512 பைட்டுகள் கொண்டது. அதில் 446 பைட்டுகள் கணிப்பொறியைத் தொடங்கிவைக்கும் சிறு நிரலுக்கும், 64 பைட்டுகள் அட்டவணைக்கும், எஞ்சிய 2 பைட்டுகள் அடையாள முத்திரைக்கும் ஒதுக்கப்பட்டன. ஒரு பிரிவின் குறிப்பை எழுத 16 பைட்டுகள் வேண்டும். ஆகவே, 64 பைட்டுகளில் நான்கு பிரிவுகளையே எழுதலாம். மேலும், இம்முறையில் இட எண்ணை 32 இலக்கமுடைய இரும எண்ணாகக் குறிப்பதால், 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296 கட்டங்களுக்கு மேல் எண்ண இயலாது. கட்டம் ஒன்றுக்கு 512 பைட்டு வீதம் கணக்கிட்டால், இஃது ஏறத்தாழ 2.2 டெராபைட் ஆகும். 10 மெகாபைட் தட்டுக்கு இது கடல் போன்ற அளவு. இன்றைய 4 டெராபைட் தட்டுக்கோ பாதியளவிற்கு மட்டுமே போதுமானது.

ஜி.பி.டி. முறை இக்குறைகளைக் களைந்தது. 1990-களின் இறுதியில் இன்டெல் நிறுவனம் தொடங்கிய புதிய தொடக்க அமைப்பின் ஒரு கூறாக இது வளர்ந்தது. இதில் வழக்கமாக 128 பிரிவுகளுக்கு இடம் உண்டு. எண்கள் 64 இலக்கம் உடையன ஆதலின், தட்டின் பருமன் ஒரு தடையன்று. இவை அனைத்தினும் சிறந்ததொரு பண்பு யாதெனின், அட்டவணையின் படி ஒன்று தட்டின் தொடக்கத்திலும் மற்றொன்று அதன் இறுதியிலும் வைக்கப்படுவதாகும். வீட்டுப் பத்திரத்தின் மூலத்தைப் பெட்டியிலும், அதன் படியைப் பதிவு அலுவலகத்திலும் வைப்பது போன்றது இது. எழுத்துப் பிழை நேர்ந்ததா என்று சரிபார்க்கும் எண்ணும் அதில் உண்டு. ஒன்று கெட்டால் மற்றொன்றைக் கொண்டு செப்பனிடலாம்.

இவ்விரு பதிவேடுகளைப் படிப்போரும் இருவர். மின்விசையை அழுத்தியவுடன், இயக்க மென்பொருள் எழுவதற்கு முன்னரே விழித்தெழும் ஓர் அடிப்படை நிரல் கணிப்பொறியில் உள்ளது. பழையது பயாஸ் எனவும், புதியது யு.இ.எஃப்.ஐ. எனவும் பெயர் பெறும். பயாஸ், தட்டின் முதற் கட்டத்தைப் படித்து அதில் உள்ள சிறு நிரலை இயக்கும். யு.இ.எஃப்.ஐ. அவ்வாறு செய்வதில்லை, தொடக்கக் கோப்புகளுக்கென்றே ஒதுக்கிய ஒரு சிறு பிரிவைத் தேடி, அதில் உள்ள கோப்பை இயக்கும். பல கணிப்பொறிகளில் புதிய நிரலே பழையதன் வேடத்தையும் பூணவல்லதாக அமைக்கப்பட்டிருந்தது. பெருங்குழப்பம் விளைவது இவ்விடத்தில்தான்.

தடைகளும் தீர்வுகளும்

முதல் தடை, முறை மாறுபாட்டால் வருவது. விண்டோஸை நிறுவப் புகும்பொழுது, தேர்ந்தெடுத்த தட்டு எம்.பி.ஆர். வகையினது, ஆதலின் இங்கு நிறுவ இயலாது என்றோ, ஜி.பி.டி. வகையினது, ஆதலின் இயலாது என்றோ திரையில் ஒரு செய்தி தோன்றும். தட்டு பழுதாயிற்று என்று அஞ்சுதல் வேண்டா. யு.இ.எஃப்.ஐ. வழியில் தொடங்கிய விண்டோஸ், ஜி.பி.டி. தட்டையே ஏற்கும், பயாஸ் வழியில் தொடங்கியது, எம்.பி.ஆர். தட்டையே ஏற்கும். ஒரே பென்டிரைவ், தொடக்கப் பட்டியலில் இருமுறை தோன்றுவதுண்டு. அவற்றுள் ஒன்றன் முன் யு.இ.எஃப்.ஐ. என்னும் எழுத்துகள் நிற்கும். தட்டு ஜி.பி.டி. வகையினதாக இருந்து தடை நேர்ந்தால், கணிப்பொறியை மீண்டும் தொடங்கி, அவ்வெழுத்துகள் உள்ள வரியைத் தேர்ந்தால் போதும். தட்டில் ஒரு புள்ளியையும் மாற்றாமலே தடை நீங்கும்.

இரண்டாவது தடை, இடம் இருந்தும் பிரிவு அமைக்க இயலாமை. எம்.பி.ஆர். தட்டில் நான்கு முதன்மைப் பிரிவுகளும் நிரம்பிவிட்டால், எத்துணை வெற்றிடம் எஞ்சினும் ஐந்தாவது பிரிவை அமைக்க இயலாது. பதிவேட்டில் எழுத வரி இல்லை என்பதே காரணம். நான்கனுள் ஒன்றை விரிவுப் பிரிவாக அமைத்து, அதனுள் பல உட்பிரிவுகளை வகுத்துக்கொள்வது பழைய தீர்வு. ஜி.பி.டி. முறைக்கு மாறுவது புதிய தீர்வு.

மூன்றாவது தடை, தட்டே கண்ணுக்குத் தோன்றாமை. 2020-ஆம் ஆண்டிற்குப் பின் வந்த இன்டெல் மடிக்கணிப்பொறிகள் பலவற்றில், வி.எம்.டி. என்னும் இடையமைப்பின் வழியாகவே தட்டு இணைந்திருக்கிறது. அதனோடு உரையாடவல்ல இயக்கி நிரல் நிறுவு மென்பொருளிடம் இல்லையெனில், தட்டுகளின் பட்டியல் வெறுமையாகக் காட்சியளிக்கும். கணிப்பொறியைச் செய்த நிறுவனத்தின் தளத்தினின்று அந்நிரலைப் பெற்று, பென்டிரைவில் இட்டு, நிறுவும்பொழுது ஏற்றிக்கொண்டால் தட்டு தோன்றும். அவ்விடையமைப்பை அடிப்படை நிரலில் நிறுத்திவிடுதலும் ஒரு வழியே. ஆனால், அதில் முன்னரே இயங்கிவந்த விண்டோஸ் அதன்பின் எழாமற் போகலாம் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

நான்காவது தடை, வெற்றிடம் விரிவிற்கு உதவாமை. விண்டோஸின் தட்டு மேலாண்மைக் கருவியில் ஒரு பிரிவை விரிக்க வேண்டுமாயின், வெற்றிடம் அதனை ஒட்டி அடுத்தே இருத்தல் வேண்டும். இடையே மீட்புப் பிரிவு ஒன்று கிடந்தால், அப்பால் உள்ள இடம் பயன்படாது. மாற்றான் வயலுக்கு அப்பால் உள்ள நிலத்தை நம் வயலோடு சேர்த்து உழ இயலுமோ? ஒரு பிரிவைச் சுருக்கும்பொழுதும், இடம் பெயர்க்க முடியாத சில கோப்புகள் நடுவே நின்றால், அவ்வெல்லை வரையில்தான் சுருக்க இயலும்.

ஐந்தாவது தடை, பூட்டிய பிரிவு. விண்டோஸ் உள்ள கணிப்பொறியில் உபுண்டு போன்ற லினக்ஸ் வகையையும், சென்னையில் ஸி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் உடன்வைக்க விரும்புவோர் இதனை எதிர்ப்படுவர். விரைவுத் தொடக்கம் என்னும் வசதி இயங்குமாயின், விண்டோஸ் முற்றும் உறங்காமல் அரைத்துயிலில் கிடக்கும். அந்நிலையில் அதன் பிரிவைச் சுருக்குவது தீங்கு பயக்கும் என்று நிறுவு மென்பொருள் மறுத்துவிடும். அவ்வசதியை நிறுத்தி, கணிப்பொறியை முறையாக அணைத்துப் பின்னர்த் தொடங்க வேண்டும். பிட்லாக்கர் என்னும் மறையாக்கம் இருப்பின், 48 இலக்க மீட்பு எண்ணை முதலில் எழுதி வைத்துக்கொள்ளல் இன்றியமையாதது. எல்லை மாற்றத்தின் பின் கணிப்பொறி அவ்வெண்ணைக் கேட்டு நிற்கும். எண் இல்லையெனில், தம் கோப்புகளே தமக்கு அயலாகிவிடும்.

அழித்தற்கு முன் ஆராய்தல்

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாள் நிறுத்தியது. விண்டோஸ் 11, யு.இ.எஃப்.ஐ. அமைப்பை வேண்டுவது. ஆகவே, தகுதியுள்ள கணிப்பொறிகளையும் பழைய முறையினின்று புதிய முறைக்கு மாற்றவேண்டிய நிலை பல வீடுகளில் உண்டாயிற்று.

ஒரு மாணவன் வீட்டில் அத்தகைய கணிப்பொறி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் வன்தட்டு எம்.பி.ஆர். வகையினது. முதற் பிரிவில் விண்டோஸ் 10. இரண்டாம் பிரிவில் தந்தையாரின் கடைக் கணக்குகள், தங்கையின் பள்ளிப் படங்கள், மறைந்த பாட்டியார் பாடிய தாலாட்டுகளின் ஒலிப்பதிவுகள். மாணவன் விண்டோஸ் 11-ஐ நிறுவ முயல்கிறான், தட்டு எம்.பி.ஆர். வகையினது என்று திரை மறுக்கிறது. அருகிருந்த தோழன், ‘கட்டளைத் திரையைத் திறந்து, தட்டைத் துடைத்துவிட்டு, ஜி.பி.டி.யாக மாற்று, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்’ என்கிறான்.

அவன் கூறியது பொய்யன்று. டிஸ்க்பார்ட் என்னும் கருவியில் ‘கிளீன்’ என்னும் ஒரு சொல்லை எழுதினால், அது நொடிப் பொழுதில் நிறைவேறும். ஆனால், அக்கட்டளை முதற் பிரிவை மட்டும் துடைப்பதன்று. தட்டின் பதிவேடு முழுவதையும் துடைத்துவிடும். விண்டோஸ் உள்ள பிரிவோடு, கணக்குகளும் படங்களும் தாலாட்டும் உள்ள பிரிவும் பெயரற்றுப் போகும். ‘உறுதியாகச் செய்யவா?’ என்று அது கேட்பதும் இல்லை.

அறிவுடைய வழி வேறொன்று உண்டு. விண்டோஸ் 10-இன் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. என்னும் கருவி அதனுடனேயே வருகிறது. இது கோப்புகளை அழிக்காமல், அட்டவணையை மட்டும் புதிய முறையில் எழுதித் தரும். மாற்றுவதற்கு முன், மாற்ற இயலுமா என்று சோதித்து அறியவும் அதில் வழியுண்டு. முதன்மைப் பிரிவுகள் மூன்றுக்கு மேற்படாமலும், விரிவுப் பிரிவு இல்லாமலும் இருத்தல் வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகளுள் சில. மாற்றிய பின், அடிப்படை நிரலை யு.இ.எஃப்.ஐ. வழிக்குத் திருப்பிவிட்டால் கணிப்பொறி முன்போல் எழும். இரு நிமிட வழிக்கும் இவ்வழிக்கும் உள்ள கால வேறுபாடு மிகச் சிறிது. பயனில் உள்ள வேறுபாடோ மலையளவு.

எனினும், இவ்வழியிலும் மின்சாரம் இடையில் நின்றுவிடல் கூடும். பழைய தட்டு அந்நேரத்திலேயே பழுதாதலும் கூடும். ஆதலின், எவ்வகை மாற்றத்திற்கும் முன்னர், வேண்டிய கோப்புகளை மற்றொரு தட்டில் படியெடுத்து, அப்படியைத் திறந்து பார்த்து, அதனைக் கணிப்பொறியினின்று கழற்றி வைத்தல் வேண்டும். ஒரே தட்டின் மற்றொரு பிரிவில் வைத்த படி, படியாகாது. ஒரு மரத்தின் இரு கிளைகளில் கட்டிய கூடுகள், மரம் வீழ்ந்தால் ஒருங்கே வீழும் அன்றோ?

நிறுவும்பொழுது, தேவையற்ற பிற தட்டுகளையும் நினைவக அட்டைகளையும் கழற்றிவிடுதல் நன்று. இதனால், புதிய பிரிவை அமைக்க இயலவில்லை என்னும் தடை பலகால் நீங்கும். தொடக்கக் கோப்புகள் வேறொரு தட்டிற் சென்று அமரும் பிழையும் நேராது. தட்டை அடையாளங் காண அதன் அளவை நோக்குக. 500 ஜிகாபைட் என்று விற்கப்படும் தட்டு, விண்டோஸில் ஏறத்தாழ 465 என்று தோன்றும். 1 டெராபைட் தட்டு 931 என்று தோன்றும். விற்போர் ஆயிரத்தின் அடுக்கிலும், விண்டோஸ் 1024-இன் அடுக்கிலும் எண்ணுவதே இதற்குக் காரணம். குறையைக் கண்டு, இது வேறு தட்டு என்று மயங்குதல் கூடாது.

இழந்ததை மீட்டல்

இத்துணை விழிப்பிருந்தும் ஒருவர் தவறான பிரிவை நீக்கிவிட்டால் செய்யத்தக்கது யாது? முதலில், கையை எடுத்துவிட வேண்டும். புதிய பிரிவை அமைத்தலும், ஃபார்மட் செய்தலும், மீண்டும் நிறுவுதலும் வேண்டா. பதிவேடு அழிந்ததேயன்றி நிலம் அழியவில்லை என்று முன்னர்க் கண்டோம். அந்நிலத்தின்மேல் புதிதாக ஒன்றும் எழுதாத வரையில், பழையது பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். டெஸ்ட்டிஸ்க் போன்ற இலவச மென்பொருள்கள், தட்டை முதலிலிருந்து இறுதிவரை ஆராய்ந்து, ஒவ்வொரு பிரிவும் தன் தொடக்கத்தில் விட்டுச்சென்ற அடையாளங்களைக் கண்டு, அட்டவணையை மீண்டும் எழுதித் தரவல்லன. தட்டை வேறொரு கணிப்பொறியில் இணைத்து, மீட்டவற்றைப் பிறிதொரு தட்டிற் சேர்த்தல் முறையாகும்.

சுழலும் தட்டில் இவ்வாறு மீட்டல் பலகால் கைகூடும். எஸ்.எஸ்.டி.யில் அத்துணை எளிதன்று. நீக்கிய இடத்தை உடனே துப்புரவு செய்துவைக்கும் வழக்கம் அதற்கு உண்டு. அவ்வழக்கத்தால் அதன் விரைவு குறையாதிருக்கிறது. ஆனால், மீட்கும் வாய்ப்பு குறைந்துவிடுகிறது. ஆகவே, புதிய சேமிப்பகம் உடையோர் பழையது உடையோரினும் மிகுந்த விழிப்போடு இருத்தல் வேண்டும்.

மாணவர்களே! திரையில் தோன்றும் மறுப்புச் செய்தி நமக்குப் பகையன்று. இவ்விடத்தில் சற்று நில் என்று கூறும் நண்பனைப் போன்றது. அதனைச் சினந்து, கைக்கு வந்த விசையை அழுத்துவோர் இழப்பை அடைவர். அச்செய்தியை முழுவதும் படித்து, தட்டு எவ்வகையினது, தொடங்கிய வழி எவ்வகையினது, எப்பிரிவில் யாருடைய பொருள் உள்ளது என்னும் மூன்றையும் தாளில் எழுதிக்கொள்க. பின்னர்ப் படியெடுக்க, அதன்பின் மாற்றுக. இயக்க மென்பொருளை எத்துணை முறையும் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். பாட்டியாரின் குரலை ஒருமுறை இழந்தால், அதனை எக்கடையிலும் வாங்க இயலாது.